ஆளில்லாத அறைக்கு ஏசி

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் பீர் கம்பெனி வைக்கப் புறப்பட்டார் என்றால், என்னோடு வேலை பார்க்கும் நர்ஸுகள் இன்றும் நம்புவதில்லை. சொட்டு மதுகூடக் கூடாத ஊரில் பீரா? போதையில்லாத இஞ்சி பீர் தாயே! இஞ்சி, சர்க்கரை, துளி ஈஸ்ட். தூத்துக்குடியில் சோடா கம்பெனி நடத்திய குடும்பம் அவருடையது. இங்கே வந்து அடுத்தவன் வீட்டு ஏசிக்குள் தலையைவிட்டே காலம் போகிறது, நாமும் ஒருநாள் முதலாளி ஆக வேண்டாமா என்று ஒரே பிடிவாதம்.

ஊரெல்லாம் ஃபாக்டரி என்று அவர் பீற்றியது எங்கள் படுக்கையறையைத்தான். முதலில் கட்டில் போனது, பிறகு தரையும் போனது. பாட்டில்கள் உள்ளே, நாங்கள் ஹாலில். குளிரில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்கும், வெக்கை பட்டால் எல்லாவற்றையும் கள்ளாக்கிவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்தவரும் அவரேதான். அதனால் அந்த அறை ஏசிக்கு ஓய்வே கிடையாது.

லைசென்ஸ் வாங்க உள்ளூர்க்காரர் ஒருவர் பங்காளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். இவர் ஏசி பார்க்கப் போகும் வீட்டு அரபி சம்மதித்தார். ருசி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்றார். அது கிடைக்காவிட்டால் பழையபடி ஏணியும் ஸ்பேனரும்தான்.

கொதிக்கும் ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அரபி வந்து ஹாலில் உட்கார்ந்தார். பாட்டில் எடுக்க உள்ளே போன மனுஷன், பேயறைந்த மாதிரி வெளியே வந்தார். கிளாஸில் ஊற்றி நீட்டிவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, உள்ள ஏசி ஓடல."

"யாரு அணைச்சா?"

"நாந்தான், முந்தாநாளு. ஆளில்லாத ரூமுக்கு எதுக்குன்னு, பழக்கதோசத்துல…"

அடப்பாவி மனுஷா!

"ஒரு வாய்தான, அவருக்கு எங்க தெரியப்போவுது? சும்மா இரி."

எப்படி இருப்பது? கள் வாடை என் மூக்கிலேயே ஏறுகிறது. ஒன்றும் அறியாமல் நம் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் மனிதர், கிளாஸை உதட்டருகே கொண்டுபோகிறார். எட்டிப் பிடுங்கிவிட்டேன். பாதி அவருடைய வெள்ளை அங்கியில் கொட்டியது. "கெட்டுப்போச்சு, போதை ஏறிப்போச்சு, ஹராம்" என்று தெரிந்த இந்தியில் உளறினேன். அதற்குச் சாட்சிபோல உள்ளே ஒரு பாட்டில் டப்பென்று வெடித்தது.

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

அரபி எழுந்து போய் அந்த அறையை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து பேனா கேட்டார்.

"சிஸ்டர், நீ பேசாமல் இருந்திருந்தால் நான் குடித்திருப்பேன்" என்றார் இந்தியில். "கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீ சரி என்று சொல்லாமல் ஒரு பாட்டிலும் வெளியே போகக்கூடாது." கூடாது என்பதை மட்டும் அரபியில் "மாஃபி" என்று இன்னொரு முறை அழுத்திச் சொன்னார்.

அவர் சொன்னது புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் என் வீட்டுக்காரர் சின்னப்பிள்ளைபோல அழுதார், சிரித்தார். புதுப் பங்காளியை வழியனுப்ப மூவரும் வாசலுக்கு வந்தோம். ஹாலில் ஆளில்லை. முதலாளியின் கை தானாக ஏசி சுவிட்ச்சுக்குப் போனது.

"மாஃபி!" என்று அரபியும் நானும் சேர்ந்து கத்தினோம்.