வியாழக்கிழமை இருமல்

நான்கு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். ஒன்பது வயதில் ஒரே ஒருமுறை தைரியமாகப் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

சைகோனில் ஆட்சி மாறிய பிறகு, பென்-தான் என்ற பெரிய சந்தைப் பக்கம் அப்பா குமாஸ்தாவாக இருந்த துணிக்கடை மூடப்பட்டது. முதலாளி காரைக்காலுக்கே திரும்பிவிட்டார். போக வழியில்லாத நாங்கள் நகரத்தின் ஓரத்தில், கீரைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தகர வீட்டுக்குக் குடிவந்தோம். அந்த ஊர்ப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு தையல் மெஷின் வாங்கினார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. ஆளுக்கு ஒரு நாள், அம்மாவுக்கு வியாழன். நகரத்தின் சீனர் பேட்டையான சோலோனிலிருந்து வெட்டிய சட்டைத் துணி வரும். அதைத் தைத்துக் கொடுத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

குழுவுக்கு ஒரு விதி இருந்தது. மெஷினை ஆண்கள் தூக்கலாம், அதன் முன்னால் உட்காரக் கூடாது. பக்கத்து ஊரில் ஒருத்தியின் புருஷன் ஒத்தாசைக்கென்று உட்கார்ந்து, கடைசியில் மெஷினே அவனுடையதாகிவிட்டதாம். விதியை நானும் கேட்டிருந்தேன். அது அப்பாவுக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவுக்குக் காலர் தைக்க வராது. கடை வாசலில் உட்கார்ந்திருந்த தையல்காரரைப் பல வருடம் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு அது வந்திருந்தது. வியாழனன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு அப்பா தைப்பார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுவாள். ஜன்னல் ஏன் என்று கேட்டதற்குத் தூசி என்றாள்.

சாயங்காலம் குழுத் தலைவி மெஷினை எடுத்துப்போக வருவார். வியட்நாமியப் பெண்மணி, நான் பெரியம்மா என்பேன். தெருமுனையிலேயே இருமத் தொடங்குவார். அம்மா எழுந்து உள்ளே போய் மெஷின் முன்னால் உட்காருவாள், அப்பா அடுப்படிக்குப் போவார். பாவம், நெஞ்சுச் சளி என்று நினைத்து ஒருமுறை இஞ்சித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தார்.

மெஷினை ஏற்ற, மூன்று சக்கர மிதிவண்டியோடு சிக்லோக்காரர் ஒருவர் கூட வருவார். அவர் மனைவிக்கு வெள்ளிக்கிழமை முறை. ஒரு வியாழன் சாயங்காலம் தெருவே கேட்கும்படி அவர் சொன்னார்: "என்ன, துரை இன்னும் எழுந்திருக்கலையா? பெண்டாட்டி தைக்க, தின்னுட்டுத் தூங்குறதும் ஒரு உத்தியோகந்தான்."

குழாயடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"காலரெல்லாம் எங்க அப்பா தைச்சது" என்றேன்.

"சின்னப் புள்ள ஏதோ கனா கண்டிருக்கு" என்று பெரியம்மா சிரித்துவிட்டு, அவசரமாகச் சட்டைகளை மூட்டை கட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் உள்ளே ஓடி, அப்பாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். அவர் சட்டையில் குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. தோளில் மஞ்சள் நூல். பாருங்கள் என்று காட்டினேன். அப்பா யாரையும் பார்க்காமல் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

சிக்லோக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப நாளைக்கு எங்க வீட்டுல நானும் உட்காரலாமா அக்கா?" என்று மட்டும் கேட்டார். பெரியம்மா கட்டிய மூட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

எங்கள் வியாழன் வேறொருத்திக்குப் போனது. அம்மாவுக்குக் கையால் பொத்தான் தைக்கும் வேலை மிஞ்சியது. அதற்குக் கூலி பாதிகூட இல்லை. அப்பா சோலோனுக்கு மூட்டை தூக்கப் போனார். ராத்திரிச் சோற்றைப் பிசையவும் முடியாதபடி விரல்கள் வீங்கியிருக்கும். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதன் பிறகும் வியாழன்தோறும் பெரியம்மா பொத்தான் தைக்கச் சட்டைகள் கொண்டுவந்தார். வாசலில் வந்து நிற்கும்வரை சத்தமே இருக்காது. பெரியம்மாவுக்கு இருமல் குணமாகிவிட்டது என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.