அண்ணியின் வெங்காயப் பாத்தி

டோர்ட்மண்டில் நான் அண்ணை ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தேன். கூடப்பிறந்த அண்ணை இல்லை. அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்து, நித்திரையில் நான் உதைத்த உதைகளையெல்லாம் வாங்கி அண்ணையானவர். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நானும் அங்கேதான், பக்கத்துத் தொட்டியில். தொண்ணூறுகளின் நடுவில் ஊரில் பேசி முடித்த கலியாணத்தில் அவருக்குப் பெண் வந்து சேர்ந்தார். நான் அண்ணி என்று கூப்பிட்டேன்.

படிப்பு எனக்குப் பாதியிலேயே நின்றுபோனது. ஒழுங்காகத் தெரிந்த ஒரே தொழில் ஆட்களைப் பகிடி பண்ணுவது. அண்ணியிடம் அது எடுபடவில்லை. வந்த புதிதில் தேத்தண்ணீருக்குச் சீனிக்குப் பதில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். முகம் மாறாமல் கடைசிச் சொட்டுவரை குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஏசியிருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்தது.

எதைக் கேட்டாலும் ஓம், இல்லை. மிச்ச நேரம் ஜன்னல். ஒரு நாள் சமையலறையில் அண்ணையிடம் அவர் சொன்னது என் அறைவரை கேட்டது.

"என்னைத் திருப்பி அனுப்பி விடுங்கோ. இஞ்ச எனக்கு ஒண்டும் செய்யத் தெரியாது."

"செய்யாமல் இருமன். ஆர் உம்மைக் கேட்டது?"

"அதுதான் ஏலாமக் கிடக்கு."

அண்ணை கெஞ்சினார். இந்தக் குளிர்காலம் ஒன்றையாவது பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொன்னார். அண்ணி அதற்கும் ஓம் என்றார். அதன்பிறகு அண்ணை வேலையில் ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் ரயில் பாதை ஓரமாக நடந்து போனோம். அங்கே ஜெர்மன்காரர் சிறு சிறு துண்டுகளாக வேலி போட்டுத் தோட்டம் வைத்திருந்தார்கள். ஒரு துண்டு எங்கள் கீழ்வீட்டுக் கிழவருடையது. நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் மடங்காது. அன்றைக்கு வேலிக்குள் நின்றார். அண்ணி வேலியோரம் குந்தி, ஒரு பிடி மண் எடுத்து நசுக்கினார்.

"தம்பி, இதில வெங்காயம் வருமோ எண்டு கேளும்."

வந்த நாளிலிருந்து அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. அண்ணை என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொந்தது.

வரும் என்றார் கிழவர். இப்போதே நட்டால் குளிர் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மற்ற எல்லாருடைய வெங்காயத்துக்கும் முன்னால் எழும்புமாம். மடங்காத முழங்காலைத் தட்டிக் காட்டி, மூலையில் ஒரு துண்டை எங்களையே கொத்தச் சொன்னார்.

"பனிக்குள்ள கிடந்து எழும்புமோ? இந்த மனுசனுக்கு விசரே?" என்றார் அண்ணி. ஆனால் கையிலிருந்த மண்ணைக் கீழே போடவில்லை.

அண்ணியின் ஐயா ஊரில் வெங்காயச் செய்கைக்காரர். இடம்பெயர்ந்து ஓடிய பிறகு அந்தத் தோட்டம் யார் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

விதை வெங்காயம் வாங்கப் பூங்கன்றுக் கடைக்குப் போனோம். மஞ்சளும் சிவப்புமாகப் பெட்டிகளில் குவித்திருந்தார்கள். அண்ணி ஒன்றை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது எங்கட சின்ன வெங்காயம் இல்லை. பம்பாய் வெங்காயத்தின்ர குஞ்சு."

"குஞ்செண்டால் வளரும்தானே அண்ணி?"

"சும்மா இரும்."

ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அமத்தி, கழுத்துப் பக்கம் மணந்து, வேர் அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பெருத்ததை ஒதுக்கினார், அது பூத்துவிடுமாம். மெத்தென்று இருந்ததையும் ஒதுக்கினார். கடைக்காரப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்று ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்லுறாள்?" என்றார் அண்ணி.

"நீங்கள் வெங்காயம் வாங்குறியளோ, மாப்பிள்ளை பாக்கிறியளோ எண்டு கேக்கிறாள்."

அண்ணையின் கழுத்து சிவந்தது. அண்ணி நிமிரவேயில்லை. "மாப்பிள்ளையை இப்பிடிப் பாக்க ஆர் விட்டவை?" என்றார். எனக்குச் சந்தோசத்தில் கத்த வேண்டும் போலிருந்தது.

மண்ணைக் கொத்தக் கிழவர் தந்த, நின்றபடி காலால் மிதிக்கும் சவள் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. குனிந்து வெட்டிப் பழகிய கை. துருக்கிக்காரர் கடையில் மண்வெட்டி மாதிரி ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து ஊரில் கட்டுவதுபோலப் பாத்தி கட்டினார். நாலு பக்கமும் வரம்பு உயர, நடு பள்ளமாக, பாத்திக்குப் பாத்தி வாய்க்கால். கிழவர் தடியை ஊன்றி வந்து பார்த்துவிட்டு, உள்ளங்கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார்.

"மண்ணை மேடாக்கி, மேட்டில நடட்டாம் அண்ணி. பள்ளத்தில வேண்டாமாம்."

"மேட்டில நட்டால் தண்ணி எப்பிடி நிக்கும்? எங்கட ஐயாவின்ர வெங்காயம் லொறி லொறியாக் கொழும்புக்குப் போனது எண்டு சொல்லும் அவருக்கு."

சொன்னேன். கொழும்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார் கிழவர்.

நட்டு முடித்ததும் அண்ணை வாளி வாளியாக ஊற்ற, அண்ணி வாய்க்காலில் மண்ணை வெட்டித் திறந்தும் அடைத்தும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கோப்பிக் கோப்பையோடு வேலிக்கு வந்து பார்த்தார்கள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, சேற்றில் வெறுங்காலோடு நின்ற அண்ணியை அண்ணையும் அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். வாளி நிரம்பி வழிந்தது.

ஒக்டோபரில் மழை தொடங்கியது. தொடங்கியது என்றால் தொடங்கியதுதான், நிற்கவில்லை. அண்ணி திரும்ப ஜன்னலுக்குப் போய்விட்டார். ஒரு மத்தியானம் குடையைக்கூட எடுக்காமல் இறங்கி நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

வரம்பு கட்டிய பாத்திகள் குளமாக நின்றன. சில வெங்காயங்கள் மிதந்தன. அண்ணி குந்தி ஒன்றை எடுத்து அமத்தினார். விரல் உள்ளே போனது.

அண்ணையின் முகத்தில் இரத்தம் இல்லை. வெங்காயத்துக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். "விடும், வேற வாங்குவம்," என்றார் மெதுவாக. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

அண்ணி மண்ணோடு கதைப்பதுபோலச் சொன்னார்: "ஊரில மாரி பெய்யேக்க நாங்கள் வெங்காயம் வைக்கிறேல்ல. இஞ்ச வருசம் முழுக்க மாரி. தண்ணி கொண்டுவர வாய்க்கால் வெட்டிப்போட்டன். தண்ணியைக் கலைக்கவெல்லோ வெட்டியிருக்க வேணும்."

எழும்பி, மண்வெட்டியால் வரம்பை உடைத்தார். தண்ணீர் சரசரவென்று வேலிப் பக்கம் ஓடியது.

"நீங்கள் எல்லாத்தையும் கிளப்புங்கோ. மெத்தெண்டு இருந்தால் எறியுங்கோ," என்றார் அண்ணையிடம். அடுத்து என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன கலியாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிக்கிறீர்? மண்ணை இழுத்து மேடாக்கும்."

"ஊத்தைச் சேறு அண்ணி, சப்பாத்து…"

"வாயால வெட்டினது காணும். மண்வெட்டியால வெட்டும்."

ஏச்சு வாங்கி அப்படிச் சந்தோசப்பட்டவன் அந்த ஊரிலேயே நானாகத்தான் இருப்பேன். மூவரும் நனைந்து நனைந்து மேட்டில் திரும்ப நட்டோம். அரைவாசிக்கு மேல் அழுகிப் போயிருந்தது. கிழவர் தோட்டத்தில் இருந்த தன் சின்ன மரக்குடிசை வாசலில் இருந்து பார்த்தார். 'நான் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூடாகக் கோப்பி ஊற்றித் தந்தார்.

யேசு பிறந்த நத்தார் கழிந்ததும் ஆட்கள் நத்தார் மரங்களைத் தெருவில் வீசினார்கள். பெரும் குளிர் வருகிறது, அந்தக் கொப்புகளால் வெங்காயத்தை மூடுங்கள் என்றார் கிழவர். நான் ஒரு மரத்தைத் தோளில் போட்டு ட்ராமில் ஏற்றினேன். நத்தார் முடிந்துவிட்டது தம்பி என்று ஒரு கிழவி ஆறுதல் சொன்னார். பனி இறுகிய நாட்களில் மண் உப்பி, வெங்காயங்களை வெளியே தள்ளியது. அண்ணி ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கொப்பை விலக்கி, கையுறையைக் கழற்றி, பெருவிரலால் ஒவ்வொன்றையும் உள்ளே அமத்தினார். அந்த விரலை வழிநெடுக அண்ணை தன் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்தார். நான் முன்னால் நடந்தேன். எனக்கும் கொஞ்சம் மரியாதை தெரியும்.

மார்ச்சில் பச்சை ஊசிகள் வந்தன. ஜூனில் பிடுங்கினோம். அதிகம் இல்லை, ஒரு ஓலைக் கடகம் நிறையாது. ஆனால் நல்ல சிவப்பு, கல்லுப்போல இறுக்கம். அண்ணி அவற்றை இலைத் தாளோடு பின்னிக் கிழவரின் குடிசைச் சுவரில் தொங்கவிட்டார்.

கிழவர் அண்ணையைப் பார்த்து, வருகிற இலையுதிர் காலமும் இந்த மூலை வேண்டுமா, இல்லாவிட்டால் புல் விதைத்து விடுவேன் என்றார். அண்ணைக்கு விளங்கியது. அந்தக் கேள்வியை அண்ணியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் கேட்டேன்.

"வாற குளிருக்கும் வேணுமோ எண்டு கேக்கிறார் அண்ணி."

அண்ணி நடக்கத் தொடங்கினார். எங்கள் மூலையைத் தாண்டி, கிழவர் சலாட் கீரை நட்டிருந்த பக்கம் கால் காலாக அளந்து போனார். கடைசியில் நின்று, குதிக்காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார்.

"இவ்வளவுக்கும் தருவாரோ எண்டு கேளும். அந்த மூலை மட்டும் காணாது."

அண்ணை சட்டென்று குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த சப்பாத்து நூலை அவிழ்த்து, திரும்பக் கட்டத் தொடங்கினார். கட்டினார், கட்டினார், நிமிரவேயில்லை. கிழவர் தன் சலாட்டையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.