கெம்பம்மாவுக்கு நான்கு வரி

எங்கள் அடுக்குமாடி லிஃப்ட் கதவருகே போன வாரம் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் விடியற்காலையில் மிக்சி ஓட்டுவது மற்றவர்களுக்குத் தொந்தரவாம். அந்த ஆள் நான்தான். வெட்கப்பட வேண்டியவள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். கம்ப்யூட்டரில் அடித்த இரண்டே வரி. சப்பென்று ஆகிவிட்டது. புகார் என்றால் இப்படியா இருக்கும்? நான் பார்த்த புகார் வேறு.

ஐம்பதுகளில், கல்யாணமான புதிதில், ஓசூரில் மூன்று ஓட்டு வீடுகள் ஒட்டினாற்போல இருந்த வரிசையில் நடுவீடு எங்களுடையது. காற்றடித்தால் மாட்டுச்சாண வாசனை வரும். காற்று அடிக்காவிட்டாலும் என் வீட்டுக்காரர் சட்டையில் வரும், மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். மாடுகளோடு பழகிப் பழகியோ என்னவோ, அவரும் அதிகம் பேசமாட்டார். இடப்பக்கம் கெம்பம்மா, கன்னடக்காரி, பஸ் டிரைவர் பெண்டாட்டி, என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். வலப்பக்கம், பெங்களூரில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற புரொபசர், தனிக்கட்டை. அவர் வாசல் பின்தெருவில். எங்களுக்கு அவர் ஒரு சுவரும் ஓர் இருமலும்தான்.

சிங்காரப்பேட்டையில் என்னை வளர்த்த விதம் அப்படி, பெண் இருக்கிற இடம் தெரியக் கூடாது. குடத்தைக்கூடப் பூனைக்குட்டியை இறக்குகிற மாதிரி இறக்குவேன். கெம்பம்மா சிரித்தாளோ, ஓட்டில் உட்கார்ந்த காக்கை எழுந்து போய்விடும்.

ஒருநாள் வீட்டு ஓனர் ஒரு கடிதத்தோடு வந்தார். "புரொபசருக்கு உங்க சத்தம் தாங்கலயாம். நீயே படிச்சுச் சொல்லும்மே" என்று என்னிடம் நீட்டினார். அந்த வரிசையில் தமிழ் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான்.

முத்து முத்தான கையெழுத்து. "கோடிவீட்டுப் பெண்ணின் சிரிப்பு அடிவயிற்றில் கிளம்பிப் படிப்படியாக ஏறுகிறது. உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. இனி இறங்குமா என்று நானும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கிறேன். இறங்கும்போது என் எண்ணத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது." அதற்கடியில்: "கடவுள் உண்டா என்பதில் எனக்கு இன்னும் ஐயம்தான். ஆயினும் நடுவீடு காலியாகக் கிடப்பதற்கு அவருக்கு நன்றி."

காலியாக! வாய் தடுமாறிவிட்டது எனக்கு. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கெம்பம்மா முதலில் மிரண்டாள், பிறகு, "என் சிரிப்பையா இவ்ளோ எழுதிக்கிறாரு?" என்று சிரித்தே விட்டாள். என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார்: "நம்மமேல ஒரு கொறையும் இல்ல, பாத்தியா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சிரிப்பு என் அடுப்படியைத் தாண்டித்தானே புரொபசர் காதுக்குப் போகிறது? வழியிலிருந்த என்னை மட்டும் தெரியவில்லையாம்!

கடிதத்தைக் கெம்பம்மா கெஞ்சி வாங்கி வைத்துக்கொண்டாள். தினமும் மத்தியானம் அதோடு வந்துவிடுவாள். "அக்கா, அந்தச் சிரிப்பு பாகத்த இன்னொரு தபா ஓது." வயிறு எரிய எரியப் படித்தேன். என்னைப் பற்றி யார் ஒரு வரி எழுதினார்கள்? இவளுக்கு, திட்டுவதற்கே நான்கு வரி.

பிறகு நானும் ஆரம்பித்தேன். பித்தளைக் குடத்தை புரொபசர் சுவரோரம் ணங்கென்று வைத்தேன். அம்மிக் குழவியை வேண்டுமென்றே உருட்டினேன். சமையலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருநாள் அவரே சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். விரலெல்லாம் மைக்கறை.

"ஏம்மா, இந்த வீட்டுக்குப் புதுசா வந்தீங்களா?"

"வருசமாவப் போவுதுங்க."

என்னையே பார்த்தார். "அப்ப நான் தப்பா எழுதிட்டேன். அடுத்த கடிதத்துல திருத்திடறேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கெம்பம்மாவிடம் போய் மூக்கைத் தூக்கிக்கொண்டு சொன்னேன். சில நாளில் ஓனர் வந்தார், வெறுங்கையோடு. புரொபசர் தொரப்பள்ளிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாராம்.

அந்த வரிசை இருந்த இடத்தில் இன்று கம்பெனிகளுக்கு நட்டு போல்ட்டு செய்து தரும் பட்டறை. நாளெல்லாம் கடமுடா, அதைப் பற்றி உட்கார்ந்து எழுத யாருமில்லை. கெம்பம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடிதம் எங்கே செல்லரித்ததோ. ஆனால் அந்த நான்கு வரி எனக்கு மனப்பாடம். அத்தனை தடவை படிக்க வைத்தாளே, பாவி! மிக்சியை நிறுத்தினால் அதுதான் வாயில் வருகிறது. முழுதும் அவள் சிரிப்பு. எனக்கென்று அதில் ஓர் எழுத்து கிடையாது.