வேகாத விருந்து

எங்க சம்மந்தி பாவாயியைப் பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. திமிர் புடிச்ச பொம்பளைன்னு சொல்றவங்களும் உண்டு, வாயில்லாப் பூச்சின்னு சொல்றவங்களும் உண்டு. ரெண்டும் பொய்யிங்க. வேண்டாத பேச்சு ஒரு சொல்லு அவங்க வாயில வராது. வர வேண்டிய எடத்துல ஒரு சொல்லு வந்துச்சுன்னா, ஊரே தெரண்டு நின்னாலும் அதைத் திருப்பி முழுங்கவும் மாட்டாங்க. அதுலதான் எனக்கு அவங்க மேல கோவமான கோவம்.

எருமப்பட்டிக்குத் தெக்கால எங்க ஊரு. அங்கிருந்து ஒரு மைலு கெழக்க, கரிசக்காட்டுக்குள்ள அவங்க ஊடு. அவங்க மக ராசாத்தியை என் மவன் வேலுசாமிக்குக் கட்டியிருந்தோம். பாவாயியும் அவங்க ஊட்டுக்காரர் மாதையனும் மூணு ஏக்கரா வெச்சுக்கிட்டு, ஐப்பசியில கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் வெதைப்பாங்க. மார்கழி, தையில கடலைச்செடி மேல எறங்கற பனி வெறும் பனி இல்லீங்க. செடியோட புளிப்பு அதுல கலந்திருக்கும். பாவாயி மெல்லிசு மல்லுத் துணியைச் செடி மேல விரிச்சு வெச்சுட்டு, வெள்ளென போயி நனைஞ்ச துணியை மண் கலயத்துல புழிஞ்சு எடுப்பாங்க. பித்தளையில புழிஞ்சா களிம்பு ஏறிக்கும். வயித்துவலின்னு யாரு போனாலும் அந்தப் பனிப்புளிப்புல ஒரு கரண்டி குடுப்பாங்க. அந்தக் காட்டுக்குள்ள நடந்து நடந்து அவங்க கால் வெடிப்பு எப்பவும் செவந்தே கெடக்கும். செருப்புப் போட்டுக்கிட்டுப் போறதுதானேன்னா, "செடி மிதிபட்டுருமுங்க"ம்பாங்க. எரிச்சலா வரும் எனக்கு.

மேட்டூர் அணை கட்டி முடிச்சு மூணு வருசம் இருக்கும். அந்த ஆனி மாசம் அவங்க ஊர்ல ஒரு வில்லங்கம். அங்க பெரியதனம் பண்ணிக்கிட்டிருந்த ஆளு, புருசன் இல்லாத ஒரு பொம்பளையோட காட்டு எல்லைக்கல்லைப் புடுங்கி, பத்தடி தள்ளி நட்டுட்டாரு. அளக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர், "கல்லை நகத்தினதைப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கேட்டிருக்காரு. ஊரே தரையைப் பாத்துச்சாம். பாவாயி மட்டும், "நான் பாத்தேனுங்க"ன்னுட்டாங்க.

அவ்வளவுதான். ஊரைக் காட்டிக் குடுத்துட்டாங்கன்னு கூட்டம் போட்டு அவங்க குடும்பத்தைத் தள்ளி வெச்சுட்டாங்க. தப்பாப் பாத்துட்டேன்னு கால்ல உழுந்தா சேத்துக்கறோம்னு சொன்னாங்களாம். "கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டாங்க.

தள்ளி வெக்கறதுன்னா சும்மா இல்லீங்க. அவங்க அடுப்புல வெந்ததை யாரும் தொடக்கூடாது. அவங்க கிணத்துத் தண்ணி பட்டதைத் தொடக்கூடாது. தொட்டா தொட்டவங்களும் தள்ளு. எங்க ரெண்டு ஊருக்கும் ஒரே கட்டு, அங்க தள்ளினா இங்கயும் தள்ளு.

அந்த நேரம் பாத்து ராசாத்தி முழுகாம இருந்தா, தலைச்சன். ஒம்பதாம் மாசம் தாய்வீட்டுக்காரங்க கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்து, எங்களுக்கும் ஒறம்பரை சனத்துக்கும் பரிமாறி, நாங்க சாப்பிட்ட பொறகுதான் பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். அவங்க சோத்தைத் திங்காம பொண்ணை அனுப்பி உடற வழக்கம் எங்ககிட்ட கெடையாது. திங்கவும் முடியாது. அப்ப பிரசவம் எங்க ஊட்டுலதான்னு நான் முடிவு பண்ணிட்டேன். மருத்துவச்சி இருக்கறா, நான் இருக்கறேன், என்ன கொறச்சல்?

அந்தப் புள்ளை சரின்னு தலையாட்டுச்சு. ஆனா சோறு எறங்கலை. வட்டல்ல கையை வெச்சுக்கிட்டுக் கெழக்கயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு நாள், "அம்மா பக்கத்துல இருந்தா பயமில்லீங்க அத்தை"ன்னு சொல்லுச்சு. "ஏன், என்னைப் பாத்தா பேயாட்டம் தெரியுதா?"ன்னு எரிஞ்சு உழுந்தேன். பாவம் புள்ளை, எந்திரிச்சு உள்ள போயிருச்சு. பேசாம இருந்திருக்கலாம் நான். பயந்து கெடந்ததே நான்தானுங்க.

தை மாசம் மாதையன்கிட்ட இருந்து சேதி வந்துச்சு, வெள்ளிக்கெழமை கட்டுச்சோத்துக்கு வாரோம்னு. அட கெரகமே, இந்தப் பொம்பளைக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருச்சான்னு நான் தலையில கையை வெச்சுக்கிட்டேன். சேதி எப்படியோ பரவி, வெள்ளிக்கெழமை வெடிஞ்சதும் எங்க ஊர்ப் பெரியவர் அங்கமுத்து, நாங்க திங்கறோமான்னு பாக்க எங்க வாசல்லயே கட்டலைப் போட்டு உக்காந்துட்டாரு. தெருவே வேடிக்கை பாக்க வந்துருச்சு. எங்க ஊட்டுக்காரர் சென்னிமலை இருக்காரே, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்னு போனவரு வரவே இல்லை. நல்ல ஆம்பளை!

வண்டி வந்து நின்னுச்சு. பாவாயி எறங்கினாங்க. சோத்துப் போசி ஒண்ணுகூடக் காணோம். ரெண்டு கூடை, ஒரு கலயம், ஒரு அருவாமணை, ஒரு கட்டு வாழையெலை. கூடையைத் தெறந்தா பூராவும் பச்சைத் தழை.

"ஏனுங்க சம்மந்தி, மருமவளைக் கூப்புட வந்தீங்களா, எங்க ஆட்டுக்குத் தழை போட வந்தீங்களா?"ன்னு கேட்டேன். தெரு சிரிச்சுது.

"ஆட்டுக்குப் போட்டா மிச்சம் வெக்காதுங்களே. அதான் உங்களுக்குன்னு எடுத்தாந்தேன்"னாங்க. அதுக்கும் சிரிச்சாங்க.

பாயை விரிச்சு, எல்லாரும் பாக்க வாசல்லயே உக்காந்து அரிய ஆரம்பிச்சாங்க. கடலைச்செடியோட கொழுந்து நுனி, கொத்தமல்லித் தழை, எளசு வெந்தயக்கீரை, முள்ளங்கி தழையோட. முள்ளங்கியை வெத்தலை கனத்துக்குச் சீவினாங்க. அதோட தழை சொணையா நாக்கை அறுக்கும், அதை மட்டும் தனியா அரிஞ்சு கல்லுப்புப் போட்டு உள்ளங்கையில கசக்கி, காரச் சாறு போக ஒட்டப் புழிஞ்சாங்க. மத்ததையெல்லாம் நசுங்காம கொள்ளாம பூப்போல அரிஞ்சு ஒதுக்கினாங்க. பச்சைக் கடலையையும் பச்சைத் துவரையையும் தொலி உரிச்சு ரெண்டு படி இருக்கும், அதைக் கொட்டினாங்க. நெலக்கடலைப் பருப்பைத் துணியில முடிஞ்சு கட்டையால தட்டி, ஒண்ணு ரெண்டா ஒடைச்சுப் போட்டாங்க. தேங்காயைப் பல்லுப்பல்லாக் கீறி, சின்ன வெங்காயமும் பச்சை மொளகாயும் அரிஞ்சு சேத்தாங்க. வாசல் பூரா கொத்தமல்லி வாசம். கோவமா நின்ன எனக்கே வாயில எச்சி ஊறிருச்சு, பொய் சொல்லுவானேன்.

வாய் சும்மா இருக்குதா? "ஒரு துண்டு வெல்லம் தட்டிப் போட்டா எடுப்பா இருக்குமே"ன்னேன்.

பாவாயி தலையைத் தூக்காம சொன்னாங்க, "வெல்லம் அடுப்புல காய்ச்சினதுங்க. உப்பு வெயில்ல காஞ்சது."

அப்பத்தான் எனக்குச் சுரீர்னு உறைச்சுது. நெருப்புப் பட்ட பொருள் ஒண்ணுகூட அந்தப் பாயில இல்லை. அங்கமுத்துவுக்கும் புரிஞ்சு போச்சு. கட்டலை விட்டு எந்திரிச்சு வந்தாரு.

"அம்மிணி, நெருப்புப் படலை, சரி. தழையை எந்தத் தண்ணியில அலசினே?"

சரி, மாட்டிக்கிட்டாங்கன்னு நெனச்சேன். பாவாயி கலயத்து மூடியை எடுத்துக் காட்டினாங்க.

"இதுலதானுங்க. கடலைச்செடிப் பனி. ஏழு நாளா வெள்ளென புழிஞ்சு சேத்தது. மண்ணைத் துணியால தொடைச்சேன், இதுல அலசினேன். இப்பக் கலக்கறதும் இதைத்தான். என் கிணத்துல இருந்து ஒரு சொட்டு இல்லீங்க."

"பனி உன் காட்டுல உழுந்ததுதானே?"

"உங்க காட்டுலயும் உழுந்துச்சுங்களே."

பாவாயி பனிப்புளிப்பைத் தழை மேல ஊத்தி, அடியில இருந்து மேல புரட்டிப் புரட்டிக் கலந்து, எலையைப் போட்டாங்க. பெரியவர் என்ன சொல்லப் போறாரோன்னு நாங்க அத்தனை பேரும் அவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தோம். அப்ப ராசாத்தி உள்ள இருந்து வந்தா. வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்தா. யாரையும் கேக்கலை. ஒரு கை அள்ளி வாயில போட்டா. புளிப்புல மூஞ்சி சுருங்கிருச்சு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. மென்னு முழுங்கிட்டு, "அம்மா, இன்னுங் கொஞ்சம் போடு"ன்னா. அந்தப் புள்ளை இன்னுங் கொஞ்சம்னு கேட்டு நாலு மாசம் ஆச்சுங்க.

அங்கமுத்து குனிஞ்சு கலயத்தை மோந்து பாத்தாரு. பொறகு, "சுடாததும் கிணத்துத் தண்ணி படாததும் கட்டுக்குள்ள வராது, பிரசவத்துக்குப் போற பொண்ணுக்கும் கட்டு கெடையாது"ன்னு தீர்ப்பு சொல்லி, அவரே ஒரு எலையில உக்காந்தாரு. ரெண்டாந்தரமும் வாங்கினாரு. "மொளகா கொஞ்சம் தூக்கல்"னாரு. அப்பறம் தெருவே தின்னுச்சு. எங்க ஊட்டுக்காரருகூட எங்கிருந்தோ வந்து சேந்துக்கிட்டாரு.

நானும் தின்னேன். எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. பெரியவர் வாயால சரின்னு வந்த பொறகுதான் என் கை அந்த எலைக்குப் போச்சு. திங்கறப்பவும் அவரு மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பெத்தவ கையால வாங்கித் திங்கறதுக்கு அந்தச் சின்னப் புள்ளைக்குத் தீர்ப்பு வேண்டியிருக்கலை. எனக்கு வேண்டியிருந்துச்சு. ராசாத்தி வண்டியில ஏறிப் போனதுக்கப்பறம் அது மனசுல முள்ளாட்டம் குத்திக்கிட்டே கெடந்துச்சு. வெக்கமாப் போச்சுங்க.

மாசியில பொண்ணு பொறந்துச்சு. பேத்தியைப் பாக்க நானும் எங்க ஊட்டுக்காரரும் போனோம். அவங்க ஊர்க்காரங்க ரெண்டு பேரு எட்ட நின்னு எங்களையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஊட்டுக்குள்ள ராசாத்தி படுத்திருந்தா, மொகம் தெளிஞ்சு இருந்துச்சு. அடுப்புல சோறு வெந்துக்கிட்டிருந்துச்சு, பக்கத்துல பத்தியத்துக்குப் பூண்டுக் கொழம்பு. பாவாயி என்னைப் பாத்ததும் வெளிய போயி, சீவாத எளநி ரெண்டும் ஒரு அருவாளும் கொண்டாந்து என் முன்னாடி வெச்சாங்க.

"நீங்களே சீவிக்கங்க சம்மந்தி. நெருப்பும் படலை, என் கிணத்துத் தண்ணியும் படலை. உங்களுக்கு ஒண்ணும் வராது."

கிண்டலா சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவங்க நெசமாவே எனக்காகப் பாத்துத்தான் சொன்னாங்க.

"எளநி வேண்டாமுங்க. சோறு போடுங்க"ன்னேன்.

"வெளிய ஆளு நிக்குதுங்க சம்மந்தி."

"நிக்கட்டும். கதவைச் சாத்த வேண்டாம்."

எங்க ஊட்டுக்காரர் என்னையும் கதவையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. பொறகு என் பக்கத்துல உக்காந்துட்டாரு. பாவாயி ரெண்டு வட்டல்ல சுடுசோறு போட்டு, கொழம்பை ஊத்தினாங்க. அந்தக் கொழம்புல உப்புக் கொஞ்சம் கம்மி. பூண்டு நல்லா வெந்து, மெல்ல வேண்டியில்லாம கரைஞ்சு போச்சு. எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்குது.

மறுநாள் வெள்ளென எங்க ஊர்க் கிணத்துக்குத் தண்ணிக்குப் போனேன். அங்கமுத்து மருமவ என் கொடத்தைக் காலால தள்ளி ஓரமா வெச்சா. கொடத்தை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு, சம்மந்தி ஊட்டுக் கிணத்துக்கு நடந்தேன்.