ஆண்டனியின் நீலச் சிலிண்டர்

புனேயில், கராடியில் இருக்கிற தமிழர்களுக்கு மார்ச் பிறந்தால் இரண்டு கவலை. ஒன்று பிள்ளைகளின் பரீட்சை, இன்னொன்று கார் ஏசி. பரீட்சைக்கு ஆளுக்கொரு டியூஷன் வைத்திருந்தோம். ஏசிக்கு எல்லாருக்கும் ஒரே ஆண்டனிதான்.

அவருடைய கடை வானவடியில், ராணுவக் குடியிருப்பின் மதிலோரம் இருக்கிறது. ஹடப்சர் நெரிசலைத் தாண்டி அங்கே போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். வழியில் ஏசி கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே மராத்தியில் பேசுவார்கள், நமக்கு வாய் வராது. நாம் இந்தியில் ஆரம்பித்தால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆண்டனி தமிழில் பேசுவார். "வாங்க மேடம், எந்த ஊரு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மூளையைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிட்டுக் கீழே இறங்குகிற கூட்டம் நாங்கள்.

அவருக்கென்று ஊர் எதுவும் கிடையாது. தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். ஆண்டனி வேலூரைப் பார்த்தது ஏதோ கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். எண்ணுவது இந்தியில், திட்டுவது மராத்தியில், ஜெபம் மட்டும் தமிழில். அந்த ஜெபத் தமிழை வைத்துத்தான் எங்கள் தலையில் மிளகாய் அரைத்தார்.

அரைத்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் போனட்டைத் திறந்து ஒரு பெருமூச்சு விடுவார். டாக்டர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு விடுவார்களே, அந்தப் பெருமூச்சு. பிறகு இரண்டு வட்டம் வைத்த பிரஷர் கேஜைக் கொண்டுவந்து மாட்டுவார். நீலக் குழாய் அழுத்தம் குறைந்த பக்கத்துக்கு, சிவப்புக் குழாய் அழுத்தம் கூடின பக்கத்துக்கு. எஞ்சினை ஓடவிட்டு ஏசியை முழுசாக வைக்கச் சொல்லிவிட்டு, நம்மை அருகில் கூப்பிட்டு முள்ளைக் காட்டுவார். நீலத்தில் முப்பது நாற்பதில் நிற்கவேண்டிய முள்ளும், சிவப்பில் இருநூறை ஒட்டி நிற்கவேண்டிய முள்ளும் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும்.

"ஏக்தம் காலி மேடம். இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தீங்கன்னா கம்ப்ரசரே உக்காந்திருக்கும். கர்த்தர்தான் உங்கள இட்டுனு வந்தாரு."

அவர் உள்ளே போய் வெளிர்நீலச் சிலிண்டர் ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கி வருவார். இடுப்பைப் பிடித்துக்கொள்வார். "தள்ளிக்கோங்க, செம வெயிட்டு" என்பார். மஞ்சள் குழாயை மாட்டி லேசாகத் தளர்த்தினால் உஸ்ஸென்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் இரண்டு முள்ளும் எழுந்து நிற்கும். கடைசியாக, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்சரைத் தண்ணீர் பீச்சி அலசிவிட்டு, "இது ஃப்ரீ" என்பார். திரும்புகிற வழியில் குளிரில் பல் கிட்டும். என் கணவர் ரவிசந்திரன் ஒவ்வொரு வருஷமும் அதே சிக்னலில் "என்ன இருந்தாலும் நம்ம ஆளு நம்ம ஆளுதான்" என்பார்.

இனி நடந்த உண்மை. குழாயின் முனையில் ஒரு திருகு இருக்கிறது. குழாயை மாட்டினால் மட்டும் போதாது, அந்தத் திருகைத் திருகினால்தான் வால்வு திறந்து அழுத்தம் முள்ளுக்கு வரும். ஆண்டனி திருகமாட்டார். முள் பூஜ்யத்தில் கிடப்பதைக் காட்டி நம்மைக் கதிகலங்க வைத்துவிட்டு, சிலிண்டர் நாடகத்தின் நடுவில் சத்தமில்லாமல் திருகுவார். நம் காரில் ஏற்கெனவே இருந்த கேஸை நமக்கே காட்டி, அதைப் போட்டதாகக் காசு வாங்குவார். சிலிண்டருக்குள் இருந்தது வெறும் காற்று. பக்கத்துப் பங்க்சர் கடை முகமது ரஃபீக்கிடம் டயருக்கு அடிக்கிற அதே காற்று. வருஷத்துக்கு ஒருமுறை புதுசாக இருந்தது சிலிண்டரின் பெயிண்ட் மட்டும்தான்.

அப்படியானால் குளிர் எங்கிருந்து வந்தது? அந்த ஓசித் தண்ணீரிலிருந்து. ஒரு வருஷத்துத் தூசி அடைத்துக் கிடந்த கண்டென்சர், அலசினதும் மூச்சுவிட்டது. மனுஷன் மருந்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு மந்திரத்துக்குக் காசு வாங்கினார்.

இதிலும் அவருக்கு ஒரு நியாயம் உண்டு. தேவையில்லாமல் கேஸ் ஏற்றினால் கம்ப்ரசர் பாழாகும், அது பாவம், அதனால் யாருக்கும் ஏற்றுவதில்லை. நிஜமாகவே ஒழுகுகிற கார் வந்தால் "இது பெரிய வேலை, என் கைக்கு அடங்காது" என்று கும்பிட்டு வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார். மராத்திக்காரர்களின் காருக்கு முதலிலேயே ஒழுங்காகத் திருகிவிடுவார். புனேக்காரன் இடுப்பில் கை வைத்து நின்று கேள்வி கேட்பான், பதில் பிடிக்காவிட்டால் குத்தலாக ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டுவான். ராணுவக்காரர்களிடமும் வாலாட்டமாட்டார். பட்டை நாமம் தமிழர்களுக்கு மட்டும்.

இதில் ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கு ஜான்சி என்று ஒரே மகள், அவள் மேல் அவர் உயிரையே வைத்திருந்தார் என்பதுதான். ஜான்சி டிப்ளமா படித்துவிட்டு ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் கார் ஏசிக்குக் குழாய் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். குழாயில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. என்னிடம் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்வாள், அடிக்கடி போனில் பேசுவாள். "எல்லாம் என்னப் பாத்துதான் இந்த லைனுக்கு வந்துச்சு" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஆண்டனி சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமையே அவருக்கு ஆப்பாக வந்து சேர்ந்தது. ஜான்சி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கடைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஆண்டனி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கராடியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"மேடம், நீங்க சொன்னா கேப்பா. கடைக்கு வேணாம்னு சொல்லுங்க. பொம்பளப் புள்ள, கையெல்லாம் கிரீஸு, வெயிலு..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்ணே, பொம்பளப் புள்ளன்னா கிரீஸ் ஒட்டாதா? நான் ஆபீஸ்ல ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கலயா? இந்தக் காலத்துலயும் இப்படிப் பேசுறீங்களே, வெக்கமா இல்ல?"

"அதில்ல மேடம், வந்து..."

"வேற எது?"

அவர் எழுந்துகொண்டார். காபியைக் கூடக் குடிக்கவில்லை. அவர் படி இறங்குவதற்குள் நான் ஜான்சிக்குப் போன் போட்டு, "யார் என்ன சொன்னாலும் கேக்காத, போய் உக்காரு" என்று வீராவேசமாகச் சொன்னேன். பெண் விடுதலைக்கு என்னால் ஆனதைச் செய்துவிட்ட திருப்தியில் அவருடைய காபியையும் நானே குடித்தேன். அந்த மனுஷன் பயந்தது கிரீஸுக்கு இல்லை. கடையில் ஒரு நாள் நின்றால் மகளுக்கு எல்லாம் தெரிந்துவிடும், அதன் பிறகு அவள் தன்னை நிமிர்ந்து பார்க்கமாட்டாள் என்பதற்கு.

அவள் கடையில் சேர்ந்த வாரமே காரை எடுத்துக்கொண்டு போனேன். ஏசியும் அனலாகத்தான் ஊதிக்கொண்டிருந்தது. நான் ஜெயித்த காட்சியைக் கண்ணால் பார்க்கவும் ஆசை.

ஜான்சி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஆண்டனி பெருமூச்சு விடாமல் போனட்டைத் திறந்தார். கேஜை மாட்டினார். மகளை ஒருமுறை பார்த்தார், திருகை நன்றாகத் திருகினார். முள் இரண்டும் நிற்கவேண்டிய இடத்தில் ஜம்மென்று நின்றன.

"கேஸு சரியா கீது மேடம்" என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அதெப்படி? கூலிங்கே இல்ல. வருஷா வருஷம் போடுறதுதான, போடுங்க."

"வேணாம் மேடம்."

நான் திட்டினதை மனசில் வைத்துக்கொண்டு பழிவாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். "எம்மேல கோவம்னா எங்கிட்ட காட்டுங்க, என் காருகிட்ட காட்டாதீங்க. இப்ப கேஸ் போடுறீங்களா இல்லயா?"

"இருங்கக்கா, நான் சிலிண்டர எடுத்தாறேன்" என்று ஜான்சி உள்ளே போனாள்.

"ஏய், அத தொடாத! வெயிட்டு! மத் உடா!" ஆண்டனி போட்ட சத்தத்தில் பங்க்சர் கடையிலிருந்து ரஃபீக் எட்டிப் பார்த்தார்.

ஜான்சி வெளியே வந்தாள். சிலிண்டர் அவளுடைய இரண்டு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. கொண்டுவந்து அப்பாவின் காலடியில் டக்கென்று வைத்தாள். எனக்கு ஏசி தெரியாது, ஆனால் சமையல் சிலிண்டரை உருட்டிப் பழகியவள். நிறைந்ததற்கும் காலிக்கும் வித்தியாசம் தெரியும். இத்தனை வருஷம் அந்த இடுப்பைப் பிடித்தது, தள்ளிக்கோங்க என்றது, உஸ்ஸென்ற சத்தம், எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன.

ஆண்டனி அங்கே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நேத்துதான் தீந்துது ஜான்சி. சச்சி, நெசமா."

"பப்பா, நான் சின்னப் புள்ளயா இருக்கும்போது இத என் கைல குடுத்து, ரஃபீக் சாச்சாகிட்ட காத்து அடிச்சினு வான்னு நீங்கதானே அனுப்புவீங்க? கேஸ் சிலிண்டர்ல எதுக்கு காத்துன்னு கேட்டா சாக்லேட் வாங்கிக் குடுப்பீங்க. மறந்துட்டீங்களா?"

ஆண்டனி காலால் சிலிண்டரை டயருக்குப் பின்னால் தள்ளப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் பப்பா. எப்பவுமே மாலும்."

"அப்புறம் இன்னாத்துக்குடி நல்ல வேலய வுட்டுட்டு இங்க வந்த?"

ஜான்சி குழாயின் திருகைத் தளர்த்திக் கழற்றினாள். "ஒருநாள் எப்படியும் மாட்டுவீங்க. யாராச்சும் வந்து சட்டையப் புடிப்பாங்க. அன்னிக்கு நீங்க தனியா நிக்கக் கூடாதுல்ல."

அந்த யாராச்சும் நான்தான். என் கை உண்மையிலேயே அவர் காலரை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. ஏமாந்த ஆத்திரம் ஒரு பக்கம், ஏமாற்றியவரின் குடும்பத்தில் போய்ப் பெண் விடுதலைப் பிரசங்கம் செய்த அவமானம் ஒரு பக்கம். வாய்க்கு வந்தபடி கத்தினேன். பிராடு என்றேன், ஜெபம் செய்கிற வாயா இது என்றேன், கராடி முழுக்கச் சொல்லி மானத்தைக் கப்பலேற்றுகிறேன் என்றேன். ஆண்டனி எதையும் காதில் வாங்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது? கோபத்தில் பாதி அங்கேயே வீணாய்ப் போயிற்று. மீதிப் பாதி இன்னும் பத்திரமாக இருக்கிறது.

ஜான்சி தண்ணீரைப் பீச்சிக் கண்டென்சரை அலசினாள். உள்ளே உட்கார்ந்து பார்த்தேன், ஜில்லென்று வந்தது. இறங்கினதும் அலசினதற்குக் காசு கேட்டாள்.

"தண்ணி ஊத்தினதுக்கா காசு?" என்றேன்.

"இத்தன வருஷமா உங்களுக்குக் குளுந்தது இதாலதான் அக்கா."

கொடுத்தேன், முணுமுணுத்துக்கொண்டே. இல்லாத கேஸுக்கு மறுபேச்சில்லாமல் பர்ஸைத் திறந்தவள், நிஜ வேலைக்குப் பேரம் பேசினேன் என்பதையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

அடுத்த வாரம் கடை வாசலில் புனே பாணியில் மராத்திப் பலகை ஒன்று ஏறியது. கேஸ் குறைந்திருந்தால் மட்டும் கேஸ் போடப்படும், மற்ற கார்கள் குளிக்கவைத்து அனுப்பப்படும், விவாதத்துக்கு நேரமில்லை. மராத்திக்காரர்கள் அதை நின்று படித்து, தலையாட்டி, காரை விட்டார்கள். கராடித் தமிழர்கள் வருவது குறைந்துபோயிற்று. "ஆண்டனிக்கு வயசாயிடுச்சு, இப்பல்லாம் கேஸே போடுறதில்ல, அந்தப் பொண்ணு வெறும் தண்ணிய ஊத்தி அனுப்புது" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். சொன்னவர்களில் என் கணவரும் ஒருவர். நான் அத்தனையும் விளக்கிச் சொன்ன பிறகும், "என்னதான் சொல்லு, அப்ப இருந்த குளிரு இப்ப இல்ல" என்றார்.

ஒழுகுகிற கார்களை இப்போது வேறு இடத்துக்கு அனுப்புவதில்லை. ஜான்சி அதில் கெட்டிக்காரி, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அடைத்துவிடுகிறாள். அடைத்தால் கேஸ் ஏற்றவேண்டும். அதனால் நிஜச் சிலிண்டர் ஒன்று வாங்கினார்கள். அது வந்து இறங்கிய நாளில் நான் கடையில் இருந்தேன், மீதிப் பாதிக் கோபத்தோடு.

ஆண்டனி பழக்கதோஷத்தில் ஒற்றைக் கையை நீட்டி, மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கப்போனார். சிலிண்டர் அசையவில்லை, ஆள் தள்ளாடினார். ஆயுசு முழுக்கப் பாரம் தூக்குவதாக நடித்தவருக்கு நிஜப் பாரம் பிடிபடவில்லை. ஜான்சி ஓடிவந்து இன்னொரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிவந்து என் காருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். என் காருக்கு அன்றைக்கும் கேஸ் தேவைப்படவில்லை.

"மேடம், கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்றார்.

"எனக்கெதுக்குண்ணே?"

"சும்மா, தூக்கிப் பாருங்களேன்."

குனிந்து தூக்கினேன். ஒரு ஜாண் எழும்புவதற்குள் தோள் விட்டுப்போயிற்று. "ஆமாண்ணே, செம வெயிட்டு" என்று கீழே வைத்தேன்.

நான் சொன்னது ஜான்சியின் காதில் விழுந்ததா என்று ஆண்டனி திரும்பிப் பார்த்தார்.