இடப்பக்கம் சாய்ந்த வண்டி

கயத்தாறில் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து அந்தப் பழைய ஃபோர் வீல் வண்டியை வாங்கியபோது, அது முன்னால் இடப்பக்கம் சாய்ந்து நின்றது என் கண்ணில் படவே இல்லை. தூத்துக்குடியில் எனக்கு மளிகை மொத்தக் கடை. தேரிக்காட்டு ஊர்களுக்குச் சரக்கு போட வேண்டும். அந்தச் செம்மணலில் சாதாரண வேன் புதைந்துவிடும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி கிடைத்த சந்தோஷத்தில் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டேன். தள்ளி நின்று பார்க்கவில்லை.

தள்ளி நின்று பார்த்தது எங்கள் தெரு. என் மனைவி கட்டட வேலைகளுக்கு மேற்பார்வை பார்க்கிறவள். காலையில் அவளை வேலை நடக்கும் இடத்தில் இறக்கிவிட்டுத்தான் நான் கடைக்குப் போவேன். அவள் உட்காருவது இடப்பக்கம். ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, வண்டி மதினி பக்கமாவே சாயுதே, கவனிச்சியளா?" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

அவள் இறங்கி, கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தாள். நானும் இறங்கியிருந்தேன், வண்டிக்குள் யாருமே இல்லை. இடப்பக்கம் நாலு விரற்கடை குறைவு.

"இப்ப வண்டிக்குள்ள நான் இருக்கேனா?" என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் வீட்டுக்குள் போய்விட்டார். என்னிடம், "இதைச் சரி பண்ணுத வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மினி பஸ்ஸுக்கு நடந்தாள்.

துறைமுகச் சாலையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருந்தார். என் வயதுக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவரும் என்னை அண்ணாச்சி என்பார். முதலில் முன்பக்க ஷாக் அப்சார்பர்களை மாற்றினார். குலுக்கல் குறைந்தது. சாய்வு அப்படியே இருந்தது.

"ஷாக் குலுக்கத்தான் தாங்கும், எடையைத் தாங்காது" என்றார் அவர், மாற்றி முடித்த பிறகு. "இதுல எடையைத் தாங்குதது டார்ஷன் பார். அங்கன பாருங்க."

குனிந்து பார்த்தேன். சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, பட்டை ஸ்பிரிங்கும் இல்லை. வண்டியின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளமான இரும்புக் கம்பிகள் ஓடின. கம்பியின் ஒரு நுனியைச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை பிடித்திருக்கிறது. மறுநுனி சட்டத்தில் பூட்டியிருக்கிறது. சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்கிறது, பிறகு திரும்ப அவிழ்கிறது. அந்த முறுக்குத்தான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. பூட்டிய நுனியில் ஒரு போல்ட் உண்டு. அதை இறுக்கினால் அந்தப் பக்கம் உயரும்.

போல்ட் உப்புக்காற்றில் துரு ஏறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் இறுக்கினார். வண்டி நேராக நின்றது. பெருமையோடு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஆனால் ஓட்டம் மாட்டுவண்டி போல இருந்தது. சின்னப் பள்ளத்துக்கும் முதுகில் அடி விழுந்தது. தேரிக்கு இரண்டு நடை போய்வந்ததும் இடப்பக்கம் பழையபடி படுத்துவிட்டது.

அன்று மாலை அவளே மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தாள். தளம் போடும்போது மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயையும் கொண்டுவந்திருந்தாள். ஒரு முனையை என் கையில் கொடுத்து, ஷெட்டின் தரையை மூலைக்கு மூலை பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க தரையே கோணலா கெடக்கு. இங்கன ஒரு பள்ளம், அங்கன ஒரு மேடு. இதுல நிறுத்தி அளந்தா எப்படி சரியா வரும்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "மதினி, லாரி கழுவுத தண்ணி ஓடணும்னு நான்தான் அப்படிப் போட்டேன்."

மட்டமான இடம் வேண்டும். எதிரில் லாரிகளை எடைபோடும் எடைமேடை இருந்தது. அதன் இரும்புத் தளத்தில் வண்டியை ஏற்றினோம். குழாயில் தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் நின்றது. எடைமேடைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எடை போட்டுரவா? மதினியும் ஏறிக்கிடட்டும்" என்றார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் ஜன்னல் மூடிக்கொண்டது.

அங்கேயும் இடப்பக்கம்தான் தாழ்வு. தரையைக் குறை சொல்ல முடியாது என்று ஆனதும், கம்பிகளையே கழற்றிப் பார்ப்பது என்று முடிவானது. மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, போல்ட்டுகளை முழுக்கத் தளர்த்தினார். "முறுக்கை எறக்காம இதைக் கழத்தினா ஆளைத் தூக்கி அடிச்சிரும்" என்று என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். வெளியே வந்த கம்பிகளில் சேறும் துருவும் அப்பியிருந்தன. எனக்குக் கிடைத்த வேலை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பது.

இடப்பக்கத்துக் கம்பியின் நுனியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது, வெட்டிப் பதித்த ஓர் ஆங்கில எழுத்து தெரிந்தது. ஆர். மற்றதன் நுனியைத் தேய்த்தேன். எல்.

"அண்ணாச்சி, ஆர்னா ரைட்தானே?"

அவர் இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பே எவரோ கழற்றி, இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பியும் ஒரு திசையில் முறுக்கவென்றே செய்தது. மாற்றிப் போட்டால் எதிர்த்திசையில் முறுக்குப்பட்டுச் சோர்ந்துவிடும். இரண்டில் ஒன்று முந்திச் சோர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

"இதையே மாத்தி மாட்டலாமா?" என்று கேட்டேன்.

"மாட்டலாம். ஆனா தப்பாத் திருகுன கம்பி. எந்த மணல்ல வச்சு ஒடியும்னு சொல்ல முடியாது."

மதுரையில் பழைய உதிரிபாகம் விற்கிற ஒருவரிடம் நல்ல ஜோடி இருந்தது. அவள் அவரிடம் போனில் பேசினாள். "நுனியில எழுத்து தெரியுதா? ரெண்டையும் தேச்சுப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். போட்டோ வந்த பிறகுதான் சரி சொன்னாள்.

புதிதாக வந்த ஜோடியைச் சரியான பக்கங்களில் மாட்டியதும் முன்பக்கம் வெள்ளாடு தலை தூக்கியது போல உயர்ந்து நின்றது. ஓடிப் பதிய வேண்டும் என்றார் மெக்கானிக். ஓடும்போது சக்கரங்கள் எப்படி அசைகின்றன என்று அவர் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் நடந்துகொண்டே பார்க்க வேண்டும். அப்படியானால் ஓட்டுவது யார்?

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. எடுத்த நாளிலிருந்து பீரோவில் பத்திரமாக இருந்தது. உப்பளங்களுக்கு நடுவே போகிற ஆள் இல்லாத பாதையில், வெண்ணிற உப்புக் குவியல்களைத் தாண்டி, அவள் வண்டியை ஊரவிட்டாள். முதலில் இரண்டு தடவை எஞ்சின் அணைந்தது. மூன்றாவது தடவை எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"அண்ணாச்சி, சக்கரம் நல்லாத்தான் ஆடுது" என்றார் மெக்கானிக், தூரத்தில் எழுந்த புழுதியைப் பார்த்தபடி.

மறுபடி எடைமேடையில் அளந்து, போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கினோம். கடைசியாகச் சக்கரங்களின் அலைன்மெண்டையும் சரிபார்த்தார். அடுத்த சரக்கு நடையில், சாயர்புரம் தாண்டித் தேரிக்குள்ளும் அவள்தான் ஓட்டினாள். மணலில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் நான் வாய் திறப்பதற்குள் ஃபோர் வீல் லீவரைப் போட்டாள். பருப்பு மூட்டைகளோடு வண்டி அலுங்காமல் மேடேறியது.

இப்போது சாவி அவள் கைப்பையில்தான் இருக்கிறது. தேரிக்குச் சரக்கு எடுக்க வேண்டுமென்றால் நான் முதல்நாளே சொல்லி வைக்க வேண்டும். அன்று அவளுக்குத் தளம் போடுகிற வேலை இல்லாமல் இருந்தால், வண்டி கிடைக்கும்.