வியாழக்கிழமைக்கு ஐந்து சொற்கள்

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியைக்குப் பாடப்புத்தகத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. உலகத்தில் அன்றன்று நடப்பதை வாசித்தால்தான் மொழி வரும் என்பது அவர் கொள்கை. அதனால் கிழமைக்கு ஓர் ஆங்கிலச் செய்தியை வாசித்து, அதில் தெரியாத ஐந்து சொற்களை எடுத்து, வியாழக்கிழமை வகுப்பின் முன்னால் நின்று பொருள் சொல்லவேண்டும். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தில் பிறந்த எனக்கு டெனிஷ் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் அப்படியில்லை.

அதில் எனக்குத் துணை மாமி. அம்மாவின் தம்பி யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கலியாணம் செய்து கூட்டிவந்தவர். எங்கள் குடியிருப்பிலேயே அடுத்த படிக்கட்டில் வீடு. அம்மா முதியோர் இல்லத்தில் பின்னேர வேலைக்குப் போகும் புதன்கிழமைகளில் மாமி வந்து என்னோடு இருப்பார். அவருக்கு ஊரில் படித்த ஆங்கிலம் இருந்தது. டெனிஷ் மட்டும் இரண்டு வருடமாகியும் வரவில்லை. வகுப்புக்குப் போனால்தானே வரும். "உந்தக் குளிருக்குள்ள அவ ஏன் அலையவேணும், நான் இருக்கிறன்தானே" என்று மாமா சொல்லிவிட்டார். அது அன்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மாமாவைப் பிடிக்காத ஆட்கள் எங்கள் வட்டாரத்தில் இல்லை. பிறந்தநாள் விழா என்றால் கதிரை அடுக்குவதிலிருந்து பாட்டுப் போடுவதுவரை அவர்தான். "கூடக் கதைச்சால் அடுத்த பிளேனில ஏத்திவிட்டிடுவன், விசா என்ர கையில" என்று எல்லோர் முன்னாலும் மாமியைப் பார்த்துச் சொல்வார். சனம் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

முதலில் செய்திகளை நான்தான் தெரிவு செய்தேன். கரையொதுங்கிய திமிங்கிலம், கூரையைத் தூக்கிய புயல், இப்படி. மரங்களெல்லாம் மொட்டையாகிவிட்ட ஒரு புதன்கிழமை மாமி, "இந்தக் கிழமை நான் ஒண்டு எடுக்கட்டே?" என்று கேட்டு, பள்ளிக்கூடம் தந்த ஐபேடைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறு நகரத்துப் பெண் புருஷனை விட்டுப் போனதைப் பற்றிய செய்தி. ஒரு படம்கூட இல்லை. எனக்குச் சப்பென்றிருந்தது.

ஐந்து சொற்களையும் மாமியே சொன்னார். அவற்றில் ஒன்று புரூஸ். அடிபட்ட இடத்தில் தோல் நீலமாவது என்று அகராதியில் பார்த்துச் சொன்னேன். மாமி ஸ்வெட்டரின் கையை மேலே இழுத்து, "இதுவோ?" என்று கேட்டார். முழங்கைக்கு மேலே நாலு விரல் பதிந்தாற்போல் இருந்தது. "ஓம் மாமி, அதுதான்!" என்றேன், உதாரணம் உடனே கிடைத்த சந்தோஷத்தில். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கொப்பியில் சொல்லுக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் நாலு வட்டம் போட்டேன்.

கடைசிச் சொல் ஷெல்ட்டர். அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. டெனிஷிலும் அதே சொல் இருக்கிறது.

"இது எனக்குத் தெரியும். எங்கட வகுப்பு போய்ப் படுத்தது."

மாமி நிமிர்ந்தார். "இஞ்சையும் இருக்கோ?"

"ஓம். கடல் பக்கக் காட்டுக்குள்ள. மரத்தால கட்டினது."

"ஆர் நடத்துறது?"

"கொமூன." நகரசபையை நாங்கள் தமிழிலும் அப்படித்தான் சொல்வோம்.

"பொம்பிளையள் தனியப் போகலாமோ? காசு கேப்பினமோ?"

"ஆரும் போகலாம். காசில்லை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அதற்குக் கதவு இருக்கிறதா என்று மாமி கேட்கவில்லை. ஒரு வீட்டைப் பற்றி யார் அப்படிக் கேட்பார்கள்? மூன்று பக்கம் பலகையும் ஒரு பக்கம் வெளியுமாக, காட்டில் நடக்க வருகிறவர்கள் ஒரு நாள் படுத்தெழும்புகிற கொட்டில் அது.

வியாழக்கிழமை அதையே வகுப்பில் சொன்னேன். ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தச் செய்தியில் அது வேறு பொருள் என்றார். வீட்டில் அடிவாங்கும் பெண்கள் பாதுகாப்பாகத் தங்கும் வீடு. டெனிஷில் அதற்கு வேறு பெயர் என்று அந்தப் பெயரைப் பலகையிலும் எழுதினார். அப்போ அந்தப் பெண் காட்டில் நெருப்பு மூட்டிக் குச்சியில் ரொட்டி சுட்டாளா என்று பின்னால் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. என் காது சுட்டது. கோபம் முழுக்க, அந்தச் செய்தியை எடுத்துத் தந்த மாமியின் மேல்.

அடுத்த நாள் மாமி ஏதோ பாத்திரம் திருப்பித்தர வந்தார். அம்மா அடுக்களையில் நின்றார். மாமி குரலைத் தணித்து, "சொல்லெல்லாம் சரியாமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம். எல்லாம் சரியாம்."

"அந்த ஷெல்ட்டருக்கு எந்த பஸ்?"

அந்தச் சொல்லை இன்னொருமுறை கேட்க எனக்கு விருப்பமில்லை. பஸ் இலக்கத்தையும் இறங்கும் இடத்தையும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை, மாமா களஞ்சிய வேலைக்குப் போன பிறகு மாமி ஒரு பையோடு புறப்பட்டிருக்கிறார். பொழுதுபடுகிற நேரம் நாயோடு நடக்க வந்த ஒரு டெனிஷ்காரர் அவரைக் கொட்டிலின் மூலையில் கண்டார். ஆங்கிலத்தில் விசாரித்தும் நடுக்கத்தில் மாமிக்கு ஒரு சொல்லும் வரவில்லையாம். பையிலிருந்த மஞ்சள் நிறச் சுகாதார அட்டையில் விலாசம் இருந்தது. மிக நல்ல மனிதர். தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தி, காரில் ஏற்றி, வாசல்வரை கொண்டுவந்து மாமாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

மாமா மாமியை நேரே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். "அக்கா, பாருங்கோ இந்தக் கூத்தை. விறகுக் கொட்டிலுக்க போய்க் குந்திக்கொண்டு இருந்திருக்கிறா!" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "உமக்கு இஞ்ச என்ன குறை?" என்று கேட்டார். மாமி சப்பாத்துச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்த இடத்தை ஆர் உமக்குச் சொன்னது?" மாமா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மாமி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு, "பஸ்ஸில போகேக்க கண்டனான்" என்றார்.

அதன்பிறகு புதன்கிழமைகளில் மாமி வரவில்லை. தனியாக இருக்க நான் வளர்ந்துவிட்டேன் என்று அம்மா சொன்னார். மாமிக்கு ஒரு பிள்ளை பிறந்தது, பிறகு இன்னொன்று. அவர்கள் கோல்டிங் நகரத்துக்குப் போய்விட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். கொண்டாட்டங்களில் கண்டால் "வேலை எப்பிடிப் போகுது, பிள்ளை?" என்று கேட்பார். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான்.

மாமி என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டார், ஏச்சு விழாமல் தப்பினேன். அன்று எனக்கு விளங்கியது அவ்வளவுதான். மாமியின் பொய்யை மறுத்து, "நான்தான் சொன்னனான்" என்று நான் வாயைத் திறந்திருந்தால், எதற்காகச் சொன்னேன் என்று அம்மா கேட்டிருப்பார். ஆசிரியை பலகையில் எழுதிய அந்தப் பெயர் அம்மாவின் காதில் விழுந்திருக்கும். அந்த அறையில் மாமிக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. தப்பிய நிம்மதியில், தட்டில் இருந்த பிஸ்கட்டில் இரண்டை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.